த்ரீ-டி வேலையை ஏஐ செய்கிறது, இனி இன்டீரியர் டிசைனில் இருக்கலாமா?

கேள்வி: இன்டீரியர் டிசைன் படித்துவிட்டு நான்கு வருடங்களாக ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். பெரும்பாலும் என் வேலை த்ரீ-டி வியூ போடுவதுதான். சீனியர் டிசைனர் பிளான் கொடுப்பார். நான் மாடல் செய்து, மெட்டீரியல் போட்டு, லைட் செட் பண்ணி ரெண்டர், அதாவது நிஜ அறை போலவே தெரியும் படம், எடுத்துக் கொடுப்பேன். முன்பெல்லாம் ஒரு ஹாலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இப்போது எங்கள் முதலாளி காலி அறையின் போட்டோவை ஏஐ-யில் போட்டு, கிளையன்ட் எதிரிலேயே பத்து விதமான படம் எடுத்துக் காட்டிவிடுகிறார். எங்கள் டீமில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது நான்தானோ என்று பயமாக இருக்கிறது. இந்தத் தொழிலுக்கே எதிர்காலம் உண்டா? மேற்படிப்பு படிக்கலாமா, இல்லை ஆப், வெப்சைட் திரைகளை வடிவமைக்கும் யூஎக்ஸ் டிசைன் பக்கம் போய்விடலாமா?

பதில்: உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன், வெறும் ஆறுதலால் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை. பிளானை வாங்கி ரெண்டர் எடுத்துக் கொடுப்பதற்கென்றே தனியாக ஓர் ஆள் என்ற வேலை சுருங்கிக்கொண்டுதான் போகும். 2022-இல் டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் எடுக்கும் ஏஐ கருவிகள் மூன்றும் சில மாத இடைவெளியில் வெளிவந்தன. அதற்குப் பிறகு, பார்க்க அழகாக இருக்கும் ஓர் அறையின் படத்தை யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. கிளையன்ட்டே எடுத்துக்கொண்டு வருகிறார். இது திரும்பிப் போகப் போவதில்லை.

தொழிலே போய்விடும் என்கிற மீதிப் பாதியை நான் நம்பவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் அடுத்து எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

உங்கள் முதலாளி எடுக்கும் அந்தப் பத்துப் படங்களில் ஒன்றை, அதை வைத்து வேலை செய்யப்போகும் தச்சரின் கண்ணால் பாருங்கள். சுவர் முழுக்க அலமாரி இருக்கும், ஒரு கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். நிஜத்தில் நிற்கிற தூண் படத்தில் காணாமல் போயிருக்கும், அந்த இடத்தில் ஜன்னல் அகலமாகியிருக்கும். சமையல் மேடை ஒரே கல்லில் மூலை திரும்பும், இணைப்பே தெரியாது. அவ்வளவு நீளத்துக்குக் கல் கிடைக்குமா, கிடைத்தாலும் லிஃப்ட்டில் ஏறுமா, மாடிப்படியில் திரும்புமா என்பதெல்லாம் படத்துக்குக் கவலை இல்லை. சுவிட்ச் எங்கே? ஏசி தண்ணீர் எந்தப் பக்கம் சரிந்து வெளியே போகும்? கூரையிலிருந்து பொன்னிறமாக வெளிச்சம் வழியும், விளக்கைத் தேடினால் விளக்கே இருக்காது. சோபாவின் துணி நன்றாக இருக்கிறதே என்று கேட்டால், அப்படி ஒரு துணியை இதுவரை யாரும் நெய்யவில்லை.

இதெல்லாம் சீக்கிரம் சரியாகிவிடுமே என்பீர்கள். சில சரியாகும், சில ஏற்கெனவே சரியாகிவிட்டன. நீங்கள் செய்த மாடலையே அடிப்படையாகக் கொடுத்தால், ஜன்னல் நகராமல், தூண் மறையாமல் படம் எடுக்க இப்போதே முடிகிறது. அளவெடுப்பதிலும் இதே கதைதான். 2020-இலிருந்து சில ஐபேட், ஐபோன் மாடல்களில் தூரத்தை லேசர் ஒளியால் அளக்கும் லைடார் சென்சார் வருகிறது. அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தால் பிளான் கைக்கு வந்துவிடும். முதல் கட்ட யோசனைக்கு அது தாராளம். ஆனால் சுவருக்குச் சுவர் இறுக்கிப் பொருத்தும் அலமாரிக்கு மில்லிமீட்டர் கணக்கு வேண்டும். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா, மூலை 90 டிகிரியா, தரை ஒரே மட்டமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்றுமே இருக்காது.

ஆக, கருவியின் இன்றைய குறைகளை நம்பி யாரும் தொழில் நடத்தக்கூடாது. நான் சொல்ல வருவது வேறு. படம் எவ்வளவு துல்லியமானாலும் அதற்குள் வராத ஒரு பகுதி இந்த வேலையில் இருக்கிறது.

ரெண்டர் எடுக்கும்போது கேமராவை எங்கே வைக்கிறீர்கள்? ஏதாவது ஒரு மூலையில், வைடு லென்ஸில், நிற்கும் ஆளின் கண் உயரத்துக்குச் சற்றுக் கீழே. அறை பெரிதாகத் தெரியும் என்பதால் எல்லாரும் அங்கேதான் வைக்கிறோம். ஆனால் அந்த மூலையில் யாரும் வாழ்வதில்லை. பின்லாந்தில் 1933-இல் முடிந்த பைமியோ காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த அல்வார் ஆல்ட்டோ, ஐனோ ஆல்ட்டோ தம்பதி, நோயாளி மாதக்கணக்கில் படுத்தே கிடப்பார் என்பதிலிருந்து அறையை யோசித்தார்கள். படுத்திருப்பவருக்குச் சுவரைவிடக் கூரைதான் முக்கியம் என்று கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்பச்சை அடித்தார்கள். விளக்கை அவர் கண்ணில் நேராகப் படாத இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் கை கழுவும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் விழித்துவிடக்கூடாது என்று, தண்ணீர் சத்தமில்லாமல் விழும் சரிவில் வாஷ்பேசினை அமைத்தார்கள். சத்தம் போடாத வாஷ்பேசினை எந்த ரெண்டரில் காட்டுவீர்கள்?

ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறையும் அப்படித்தான். சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான் அதன் அளவு. சமைப்பவர் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு எத்தனை அடி நடக்கிறார், எவ்வளவு நேரம் போகிறது என்று கணக்குப் பார்த்துத்தான் அந்தச் சின்ன இடத்தை அமைத்தார். பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளில் ஏறக்குறைய 10,000 வீடுகளுக்கு அது போனது. புகைப்படத்தில் பார்த்தால் ஒரு குறுகலான நடை போலத்தான் இருக்கும், யாரும் நின்று ரசிக்க மாட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கச் செய்யப்படும் மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி அதுதான். அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் நோல் பெரிய நிறுவனங்களின் அலுவலகங்களை வடிவமைக்கும் முன், அங்கே வேலை செய்கிறவர்களிடம் போய், யாருக்கு என்ன தேவை, எந்தக் காகிதம் யார் மேசைக்குப் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகுதான் பென்சிலைத் தொட்டார். இவர்களை மேதைகள் என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வேலை எங்கே நடந்தது என்று கவனியுங்கள். படம் வருவதற்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிட்டது.

எங்கள் அலுவலகத்துக்குச் சமீபத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். கையில் ஏஐ எடுத்துக் கொடுத்த படங்கள் ஏராளம். ஒன்றில் மரம், ஒன்றில் கான்கிரீட், இன்னொன்றில் எல்லாமே வெள்ளை. எல்லாமே பிடித்திருக்கிறது, எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை என்றார்கள். படங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, காலை வெயில். எல்லாப் படத்திலும் ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேருமே இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறவர்கள். அவர்கள் ஆசைப்பட்ட வீட்டை அவர்கள் பார்க்கவே போவதில்லை. அங்கிருந்து பேச்சு திசைமாறி, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அந்த வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் போனது. எங்கே மஞ்சள் சாயலான 2700 கெல்வின் விளக்கு, எங்கே வெள்ளையான 4000, எது மேலிருந்து, எது பக்கவாட்டிலிருந்து, எந்த வண்ணம் அந்த வெளிச்சத்தில் செத்துப்போகும் என்று. மெட்டீரியல் கடைசியில்தான் வந்தது. அந்த முதல் சந்திப்புக்குத்தான் அவர்கள் எங்களுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். மற்றது அதன் தொடர்ச்சி.

அப்புறம் இன்னொரு விஷயம், கொஞ்சம் கனமானது. உள்ளே என்ன பொருள் போடுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. 1942-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். செயற்கைப் பனைமரங்கள், கூரையை மறைத்த துணி என்று அலங்காரமே எரிபொருளாக இருந்தது. பிரதான வாசலில் சுழல் கதவு, கூட்டம் முட்டியதும் அது அடைத்துக்கொண்டது. வேறு சில கதவுகள் பூட்டிக்கிடந்தன. 2003-இல் அதே நாட்டின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற விடுதியில் 100 பேர் இறந்ததற்கு முக்கியக் காரணம், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டிய பாலியூரித்தேன் நுரை. மேடையில் விட்ட வாணத்தின் பொறி அதில் பட்டது. சுவரில் எதை ஒட்டலாம், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், வெளியேறும் வழி எவ்வளவு அகலம் என்றெல்லாம் இன்றைக்கு இருக்கும் விதிகளில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு தீ இருக்கிறது.

தீ இல்லாத ஆபத்துகளும் உண்டு. பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு ஒட்டும் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியது. குழந்தைகள் தூங்கும் அறைக்கு எந்தத் தரப் பலகை என்று முடிவு செய்வது அழகு சம்பந்தப்பட்ட முடிவு இல்லை. அதற்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். மென்பொருள் கையெழுத்துப் போடாது. அதை உருவாக்கிய நிறுவனமும் போடாது, வேண்டுமானால் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்டீரியர் டிசைனர்களுக்கு நடக்கும் என்சிஐடிக்யூ என்ற தகுதித் தேர்வு மூன்று பகுதிகள் கொண்டது. கட்டட விதிகள், கட்டட அமைப்புகள், வேலைக்கான வரைபடங்கள், ஒப்பந்தம், தொழில் நடத்தை என்றுதான் அதில் பெரும்பகுதி போகிறது. அலபாமா மாநிலம் 1982-லேயே இந்தத் தொழிலுக்குச் சட்டம் போட்டது. உலகின் பல இடங்களில் அப்படி எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் நாளைக் காலையே இன்டீரியர் டிசைனர் என்று கார்டு அடித்துக்கொள்ளலாம். ஏஐ முதலில் தின்னப்போவது அப்படிப்பட்டவர்களைத்தான். நல்ல ரசனை மட்டும் மூலதனமாக வைத்திருப்பவர்கள், நான்கு படத்தைக் கலந்து ஐந்தாவது படம் காட்டுகிறவர்கள். அந்த வேலையை ஏஐ அவர்களைவிட வேகமாகச் செய்கிறது, அலுத்துக்கொள்வதும் இல்லை.

கருவி வந்து ஆளை வெளியேற்றுவது இந்தத் துறைக்குப் புதிதும் இல்லை. 1982 கடைசியில் கணினியில் பிளான் வரையும் ஆட்டோகேட் வந்தது. டிராயிங் போர்டில் குனிந்து மை போட்டு வரைந்துகொண்டிருந்தவர்களின் இடம் அதற்கடுத்த வருடங்களில் படிப்படியாகப் போயே போனது. 2000-இல் த்ரீ-டி மாடல் செய்யும் ஸ்கெட்ச்அப். ஒவ்வொரு தடவையும் நேரம் மிச்சமாகும் என்றார்கள். மிச்சமான நேரத்தில் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. திருத்துவது சுலபமாகிவிட்டதால் திருத்தங்கள் பெருகின, ஒரு வியூ கேட்டவர்கள் ஐந்து வியூ கேட்டார்கள். த்ரீ-டி வியூ போடுவதற்கென்றே ஓர் ஆள் என்ற உங்கள் பதவி பிறந்ததே அப்படித்தான். இப்போதும் அதுதான் நடக்கிறது. பத்துப் படம் பார்த்த கிளையன்ட் ஒரு படம் பார்த்தவரைவிடக் குழம்பிப்போயிருக்கிறார். அவருக்கு வேண்டியது பதினோராவது படம் இல்லை.

பணம் பற்றியும் பேச வேண்டும், இளையவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. இந்தத் துறையின் வருமானத்தில் ஒரு பெரிய பங்கு நெடுங்காலமாகப் பொருள் வாங்கித் தருவதில் வரும் லாபமாக இருந்தது. டிசைனருக்கு வியாபார விலை, கிளையன்ட்டுக்கு வேறு விலை, நடுவில் இருப்பது ஃபீஸ். இணையத்தில் எல்லா விலையும் தெரிய ஆரம்பித்ததும் அது ஆட்டம் கண்டுவிட்டது. விளக்கின் போட்டோவை எடுத்துத் தேடினால் விலை வந்து நிற்கிறது. இன்னொரு பக்கம், படமும் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலும் சேர்த்துக் குறைந்த கட்டணத்தில் இணையம் வழியே விற்கலாம் என்று சில நிறுவனங்கள் முயன்றன. அமெரிக்காவில் ஹோம்பாலிஷ் 2019-இல் மூடியது, மாட்ஸி 2022-இல். ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணம் இருக்கும். ஆனால் படமும் பட்டியலும் மட்டும் ஒரு தொழிலாக நிற்பது கஷ்டம் என்பதை இன்றைய ஏஐ பரவும் முன்பே சந்தை காட்டிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அறையை அளப்பது, ஆளைப் பிடிப்பது, தவறான சைஸில் வந்த பொருளைத் திருப்பி அனுப்புவது என்று கனமான வேலை முழுவதும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே இனி ஃபீஸ் என்பது முடிவுகளுக்கும் மேற்பார்வைக்கும் வாங்குவதாக மாறும், மாற வேண்டும். வாங்குகிற பொருளில் மறைத்து வைத்துச் சம்பாதிக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

சரி, வேலை எங்கே கூடும்?

என்னைக் கேட்டால் முதலில் முதுமை. 2030-இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் வடிவமைக்கும் வீடுகளில் பெரும்பாலானவை முப்பது வயது முழங்காலுக்கும் முப்பது வயதுக் கண்ணுக்கும் ஏற்றவை. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி 20 வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதற்காகப் பெரிய விளக்காகப் போட்டால் கூச்சம் தாங்காது. வெளிச்சம் கூட வேண்டும், விளக்கு கண்ணில் படக்கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்வது ஒரு கலை. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளை டாய்லெட் என்று படத்தில் பளிச்சென்று இருக்கும் குளியலறையில், பார்வை மங்கியவருக்கும் மறதி நோய் உள்ளவருக்கும் டாய்லெட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சீட்டுக்கு மட்டும் அடர்ந்த நிறம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். குமிழ்க் கைப்பிடிக்குப் பதில் நெம்புகோல் கைப்பிடி, சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், அது நுழையும் அளவுக்குக் கதவு. இன்றைக்குக் கைப்பிடிக் கம்பி வேண்டாம் என்பவருக்குக்கூட, பிற்காலத்தில் அதைப் பொருத்த வசதியாகப் பலகைச் சுவருக்குள்ளே ஒரு கட்டையை வைத்து மூடிவிடுவது. டைல்ஸ் போட்ட பிறகு அது கண்ணுக்கே தெரியாது, அதனால் யாரும் பாராட்ட மாட்டார்கள். பதினைந்து வருடம் கழித்து டைல்ஸை உடைக்காமல் கம்பி பொருத்துகிறவருக்குத் தெரியும்.

மருத்துவமனை, சிகிச்சை மையம் போன்ற இடங்களும் இதே ரகம். 1984-இல் ரோஜர் உல்ரிச் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் ஜன்னலில் மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு மருத்துவமனை வடிவமைப்பில் ஆதாரம் கேட்கும் பழக்கம் வலுத்தது. ஆதாரத்தோடு பேசத் தெரிந்த டிசைனருக்கு அங்கே மரியாதை உண்டு.

இரண்டாவது, இருக்கும் கட்டடத்தை உடைக்காமல் வேறு வேலைக்குத் திருப்புவது. கட்டடத்தின் எலும்புக்கூடு பல பத்தாண்டுகள் நிற்கும். உள்ளே இருக்கும் தடுப்பு, பொய்க்கூரை, தரைவிரிப்பு, மேசை எல்லாம் சில வருடங்களுக்கு ஒரு முறை பிடுங்கி எறியப்படுகின்றன. ஒரே கட்டடத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்தக் குப்பைக்கும் கரியமில வாயுக் கணக்குக்கும் பொறுப்பு நம் தொழிலுக்கு நிறையவே உண்டு. கழற்றி மறுபடி பூட்டும்படி செய்யத் தெரிந்தவர், பசையை விட்டு ஸ்க்ரூவில் யோசிப்பவர், பழைய கதவை எங்கே பயன்படுத்தலாம் என்று பார்ப்பவர், இவர்களுக்கு வேலை கூடிக்கொண்டே போகும். அலுவலக வடிவமைப்பும் மாறிக்கொண்டிருக்கிறது, ஆனால் நிறுவனங்களுக்கே தங்களுக்கு என்ன வேண்டும் என்று இன்னும் முடிவாகவில்லை. அதை நம்பி இப்போது இறங்கச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏஐ சீனியர்களின் வேலையைத் தொடவில்லை, உங்களைப் போன்றவர்களின் வேலையைத்தான் தொடுகிறது. நாங்கள் எல்லாரும் தொழில் கற்றுக்கொண்டது அந்தச் சலிப்பூட்டும் வேலையில்தான். ஓர் அலமாரியின் எலிவேஷனை, அதாவது நேர்முகத் தோற்ற வரைபடத்தை, இருபது தடவை திருத்தும்போதுதான் கீல் எவ்வளவு இடம் எடுக்கும், டிராயர் முழுக்க வெளியே வர எவ்வளவு ஆழம் வேண்டும் என்று மண்டையில் ஏறும். அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு, மேலே எப்படி ஏறுவது என்று இளையவர்களிடம் கேட்கிறோம். இதற்கு அலுவலகங்கள் பதில் யோசித்ததாகத் தெரியவில்லை. பழைய முறையில், சீனியர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வதுதான் வழியாக இருக்கும். அதற்கு நீங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும், யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை, திரையை விட்டு, வேலை நடக்கும் சைட்டுக்குப் போங்கள். ஒரு சின்ன வேலையையாவது, ஒரே ஒரு படுக்கையறையாக இருந்தாலும் பரவாயில்லை, அளவெடுப்பதிலிருந்து சாவி கொடுப்பதுவரை கூடவே இருந்து பாருங்கள். எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டும் முன் அங்கே இருங்கள், வெட்டிய பிறகு போய்ப் பயனில்லை. நீங்கள் ரெண்டர் எடுத்த அதே இணைப்பைத் தச்சர் எப்படிச் செய்கிறார், எந்த இடத்தில் உங்கள் டிராயிங்கைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார் என்று கவனியுங்கள். அந்தச் சொறிதலில் இருக்கிறது உங்கள் பாடம். அளவும் பொருளும் எழுதும் மதிப்பீட்டுப் பட்டியலைத் தயாரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். படம் பார்த்து மயங்கும் கிளையன்ட்கூட அந்தப் பட்டியலில் வந்ததும் நிமிர்ந்து உட்காருவார். பிறகு, ஒரு வருடம் கழித்து அதே வீட்டுக்குப் போய் எது உப்பியிருக்கிறது, எந்த டிராயரைத் திறப்பதே இல்லை, எங்கே பொருள் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். ஆச்சரியம் என்னவென்றால், நம் துறையில் பெரிய அலுவலகங்கள்கூட இதைச் செய்வதில்லை. செய்தால் உங்களிடம் இருக்கும் அறிவு எந்த மென்பொருளிடமும் இருக்காது, ஏனென்றால் அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஏஐ-யை ஒதுக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் அதை நன்றாகக் கையாளும் ஆள் நீங்களாகவே இருங்கள். மாடலை நீங்கள் சரியாகச் செய்யத் தெரிந்தவர் என்பதால், அதிலிருந்து எடுக்கும் படம் முதலாளி போட்டோவிலிருந்து எடுக்கும் படத்தைவிட நம்பகமாக இருக்கும். இரண்டு நாள் வேலை அரை நாளில் முடிகிறதா, மிச்ச நேரம் சைட்டுக்கு. ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். இது யோசனைக்கான படம், அளவும் பொருளும் வேறுபடும் என்று படத்தின் மேலேயே எழுதுங்கள், ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஏஐ காட்டிய கல்லைக் கேட்டுக் கிளையன்ட் சண்டைக்கு வருவது ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. உரிமை விஷயமும் இருக்கிறது. மனிதப் பங்களிப்பு இல்லாமல் இயந்திரம் மட்டும் உருவாக்கிய படைப்புக்குக் பதிப்புரிமைப் பதிவு கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-இல் தெளிவுபடுத்தியது. உங்கள் நாட்டில் நிலைமை என்னவென்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

யூஎக்ஸ் பக்கம் போவதைப் பற்றி. இடத்தைவிடத் திரைதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். பயத்தால் மட்டும் போக வேண்டாம், அங்கேயும் இதே காற்றுதான் அடிக்கிறது, இன்னும் பலமாக. உங்களுக்கு எது சந்தோஷம் தருகிறது என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ரெண்டர் முடிந்து படம் திரையில் வரும் அந்த நிமிடமா, இல்லை அறை கட்டி முடிந்து ஆள் உள்ளே நடக்கும்போதா? முதலாவது என்றால், நான் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குச் சந்தோஷம் தராது. தூசியும் தகராறும் தாமதமும்தான் மிஞ்சும்.

மேற்படிப்பு இப்போது வேண்டாம் என்பேன். இரண்டு வருடம் சைட்டில் இருந்த பிறகு எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று தெரியும். அப்போது விளக்கமைப்பு, முதியோர் அல்லது மருத்துவ இடங்கள், ஒலியமைப்பு, பொருட்கள் என்று குறுகலான ஒன்றைப் படியுங்கள். பொதுவான ஒரு முதுகலைப் பட்டம் உங்களை இரண்டு வருடம் ஒளித்துவைக்கும், அவ்வளவுதான். உங்கள் ஊரில் தொழில்முறைத் தேர்வோ பதிவோ இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

முதலாளியிடம் பேசும்போது வேலை போய்விடுமா என்று கேட்காதீர்கள். ரெண்டர் வேலையை வாரத்தில் இவ்வளவு நேரத்தில் முடித்துத் தருகிறேன், மிச்ச நாட்களில் இன்ன புராஜெக்டின் சைட் வேலையையும் பட்டியலையும் என்னிடம் கொடுங்கள் என்று தேதி வைத்துக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் நான்கைந்து பேர் மட்டும் இருக்கும் சிறிய அலுவலகமாகத் தேடுங்கள். த்ரீ-டிக்கென்று தனி ஆள் வைக்க அங்கே வசதி இருக்காது, எல்லாரும் எல்லாமும் செய்தாக வேண்டும். இன்டர்வியூவுக்குக் கொண்டுபோகும் போர்ட்ஃபோலியோவில் ரெண்டர்களில் பாதியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு டீட்டெயில் டிராயிங்கையும், அதே இடத்தை சைட்டில் எடுத்த போட்டோவையும், இரண்டுக்கும் நடுவில் எது ஏன் மாறியது என்று நான்கு வரியும் வையுங்கள். ஆள் எடுக்கும்போது நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் தேடுவேன்.